இங்கிரியாக்காரிக்கு ஆள் தேடியது

நான் வேலை செய்த அறையில் இப்போது சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அண்மையில் முழங்காலை எக்ஸ்ரே எடுக்கப் போனபோது கதவு திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தேன். என் மேசை நின்ற இடத்தில் சில்லுக் கழன்ற நாற்காலி ஒன்று நின்றது. மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் இப்போது தாதி ஒரு டப்ளட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறார். திரையில் மொழியைத் தொட்டால் எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு முகம் வருகிறது. நல்ல வேகம். குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அன்று எக்ஸ்ரே பகுதியில் இருந்த துர்க்கா என்னோடு முன்பு வேலை செய்தவள். ஆள் கண்டுபிடிக்க மிகவும் கஷ்டப்பட்ட மொழி எது என்று கேட்டாள். பின்லாந்தின் மொழியான பின்னிஷ் என்றேன். அவள் நம்பவில்லை. பின்னிஷ் டப்ளட்டில் இருக்கிறதாம். இருக்கும். அந்தக் கதையை நின்ற நிலையில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். நோயாளியின் மகனிடம் அனுமதி கேட்டேன். பெயர்களை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன்.

நான் மன்னாரைச் சேர்ந்தவள். ரொறன்ரோவில் இதைச் சொன்னால், "ஓமோம், யாழ்ப்பாணத்தில எவடம்?" என்று கேட்பார்கள். இரண்டாம் தரமும் சொல்வேன். மூன்றாம் தரம் சொல்வதில்லை. வந்த புதிதில் டோனற் கடை, பிறகு ஸ்காபறோவில் ஒரு வைத்தியசாலையின் துணி துவைக்கும் பகுதி. ஒருநாள் மேல்மாடியில் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை ஈரக் கையோடு கூப்பிட்டார்கள். அப்படித் தொடங்கியது. வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதி மொழிபெயர்ப்பாளர் ஆனேன். பல வருடங்களுக்குப் பிறகு, எல்லா மொழிகளுக்கும் ஆள் ஒழுங்கு செய்யும் மேசையில் என்னை இருத்தினார்கள்.

பயிற்சியில் சொல்லித் தந்த முதல் விடயம், நோயாளி சொல்வதை "நான்" என்றே சொல்ல வேண்டும் என்பது. "அவருக்கு வயிற்றில் நோகிறதாம்" என்று சொல்லக்கூடாது, "எனக்கு வயிற்றில் நோகிறது" என்று சொல்ல வேண்டும். ஒரு நாளில் ஐந்து பேருக்கு மொழிபெயர்த்தால் ஐந்து பேரின் நோவும் எனக்குத்தான். வீட்டுக்கு வந்து கால் உளைகிறது என்றால், என் கணவர் அந்தோனி, "ஆற்றை கால், உம்முடையதோ நோயாளியின்ரையோ?" என்று கேட்பார்.

எங்கள் மேலதிகாரியின் பெயர் டொறீன். ட்ரினிடாட்டில் பிறந்தவர். அவருக்கு ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி தெரியாது. அதனால் எங்கள் எல்லாரையும் சமமாகச் சந்தேகப்பட முடிந்தது. அவர் பேசியது ஆங்கிலம்தான், ஆனால் என் காதுக்குள் அது எங்கள் பேச்சாகவே கிடக்கிறது. யார் எதைச் சொன்னாலும் அதில் உள்ள அலங்காரத்தைக் கழற்றிவிட்டுத் திருப்பிச் சொல்வார். "பாவம், அந்த மனுசி சரியாப் பயந்துபோய் இருக்கு" என்று நான் சொன்னால், "பயமா இருக்கெண்டு மனுசி சொன்னதோ?" என்பார். இல்லை என்றால், "அப்ப மனுசி இருக்கு" என்பார்.

அவருடைய விதிகள் எளிமையானவை. மொழிபெயர்ப்பாளரின் கதிரை நோயாளியின் தோளுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும், அப்போதுதான் நோயாளி வைத்தியரைப் பார்த்துப் பேசுவார். காத்திருக்கும் நேரத்தில் நோயாளியோடு ஊர்க்கதை கதைக்கக் கூடாது. தண்ணீர் வார்த்துக் கொடுக்கக் கூடாது. "தண்ணி குடுத்தால் நீர் சொந்தக்காரி. சொந்தக்காரிக்கு நான் சம்பளம் எழுதேலாது" என்பார். மொழியில் ஏதாவது சிக்கல் வந்தால் மட்டும் கையை உயர்த்தி, "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்" என்று அறிவித்துவிட்டுச் சொந்தக் குரலில் பேசலாம். அந்த வசனத்தை அடிக்கடி பாவிப்பவர்களைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்.

நான் மேசைக்கு வந்த தொடக்கத்தில் நடந்த ஒன்று. நமது ஆள் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தார். சென்னையிலிருந்து வந்த, நன்றாகப் படித்த ஒரு பெண்ணை அனுப்பினேன். "எனக்கு ஒரு கிழமையாய்ச் சரியான வருத்தம்" என்றார் நோயாளி. அந்தப் பெண் அதை, "ஒரு வாரமாக மிகவும் துயரமாக இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் ஊரில் வருத்தம் என்றால் துயரம், நமக்கு நோய். கொஞ்ச நேரத்தில் ஒரு சமூகப் பணியாளர், துயரத்தைத் தாங்குவது எப்படி என்ற துண்டுப்பிரசுரத்தோடு வந்து சேர்ந்தார். நோயாளி அதை வாங்கி விசிறிக்கொண்டிருந்தார். பிறகுதான் சிறுநீரகக் கல் தெரியவந்தது. டொறீன் யாரையும் ஏசவில்லை. அடுத்த நாளிலிருந்து எங்கள் கணினியில் தமிழ் இரண்டானது: தமிழ் (இலங்கை), தமிழ் (இந்தியா). பேர் ஒன்றாக இருப்பதால் மொழி ஒன்று என்று நினைக்க வேண்டாம் என்றார்.

சைமி அம்மா வந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து, நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பு. தொண்ணூறை எட்டிய வயது. கணவர் இல்லை. வெக்ஸ்போர்ட்டில் தன் வீட்டில் தனியாக இருந்தவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருடைய ஆங்கிலம் போய்விட்டது. வயதானவர்களுக்கு இது நடப்பதுண்டு. பிந்திப் படித்த மொழி முந்திப் போகும். ஒரே மகன் எரிக், பிறம்ரனில் லொறிகளை அனுப்பும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அம்மா பின்லாந்துக்காரி, விபூரி என்ற நகரத்தில் பிறந்தவர் என்று எழுதிக் கொடுத்தார். மகனுக்குப் பின்னிஷ் தெரியாது. அம்மா அவரோடு ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்த்திருக்கிறார்.

மருந்து மயக்கத்தில் அவர் பேசிய சில சொற்கள் ரஷ்யச் சொற்கள் மாதிரி இருக்கின்றன என்று யாரோ சொல்லி, நோயாளர் விடுதியில் முதலில் தொலைபேசியில் ஒரு ரஷ்ய மொழிபெயர்ப்பாளரைப் பிடித்திருந்தார்கள். ரஷ்யக் குரல் கேட்டதும் சைமி அம்மா காதுக் கருவியைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டார். அன்று முழுவதும் அதைத் திரும்ப மாட்டவில்லை. அதன் பிறகுதான் என்னிடம் பின்னிஷ் கேட்டார்கள். பெக்கா என்ற, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அனுப்பினேன். ஒழுங்கான மனிதர்.

பிறகு விடுதியிலிருந்து பிரியா தொலைபேசி எடுத்தாள். நோயாளிகளை எங்கே அனுப்புவது என்று திட்டமிடும் வேலை அவளுக்கு. மோர்னிங்சைட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை.

"அன்ரி, இந்த சைமியின்ர கேஸ். மூண்டு தரம் கேட்டாச்சு. ப்ரொப்பரா பெக்காவை வச்சுத்தான். வீட்டுக்குப் போக விருப்பமோ எண்டு கேட்டால் நோ எண்டுதான் சொல்லுறா. அழுறா. ஐ மீன், ஷீ இஸ் வெரி க்ளியர்."

"பிறகேன் பிள்ளை எனக்கு எடுத்தனீர்?"

"பக்கத்து வீட்டு லேடி நேற்று வந்தவ. அவவின்ர கையைப் பிடிச்சு, உடைஞ்ச இங்கிலிஷ்ல, அடுப்பு நிப்பாட்டி இருக்கோ, பைப் உறைஞ்சிடுமோ எண்டு கேட்டவவாம். வீட்டுக்குப் போக விருப்பமில்லாத ஆள் ஏன் பைப்பைப் பற்றி யோசிக்கோணும்?"

விடயம் அவசரமானது. சைமி அம்மாவுக்குத் தன் முடிவைத் தானே எடுக்கும் தெளிவு இருக்கிறதா என்று வைத்தியர் சோதித்துக்கொண்டிருந்தார். எங்கே பிறந்தாய் என்ற கேள்விக்கு ஒருநாள் விபூரி என்றும், ஒருநாள் சுவீடன் என்றும் சொன்னார். ஒருநாள் வாயே திறக்கவில்லை. என்னைத் திருப்பி அனுப்ப எழுதவேண்டாம் என்று வைத்தியரின் சட்டைக் கையைப் பிடித்தார். தெளிவில்லை என்று முடிவானால் மகன் தீர்மானிப்பார். எரிக் கெட்டவர் அல்ல, பயந்திருந்தார். பின்லாந்துக்காரருக்கான ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்திருந்தார். தன் ஆட்களோடு தன் மொழி பேசிக்கொண்டு இருப்பார் என்று நினைத்தார். வீட்டை விற்க ஆளும் பேசியிருந்தார்.

நான் பெக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் யோசித்து யோசித்துப் பேசினார். நோயாளி "நான்" என்பதற்குத் தரமான பின்னிஷ் சொல்லை விட்டு "மியெ" என்கிறாராம். அது கிழக்குப் பக்கத்துப் பேச்சு, விபூரிக்காரரும் அப்படித்தான் சொல்வார்கள், அதனால் தான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்றார். ஆனால் சில சொற்கள் தனக்குப் பிடிபடவில்லை. இன்னொன்றையும் சொன்னார். வைத்தியருக்காகக் காத்திருந்தபோது, தன் மனைவியின் தாயும் விபூரிதான், நீங்கள் எந்தத் தெரு என்று மரியாதைக்குக் கேட்டாராம். அதிலிருந்துதான் சைமி அம்மா வாயைக் கட்டிக்கொண்டார்.

டொறீனிடம் போனேன். நிலைமை மோசமாய் இருக்கிறது, அநியாயம் நடக்கப்போகிறது என்றேன். மோசத்தையும் அநியாயத்தையும் அவர் தள்ளிவைத்தார்.

"பெக்காவுக்கு விளங்காத சொல் எத்தினை?"

"கொஞ்சம் எண்டு சொன்னவர்."

"ஒண்டு போதும். இந்தச் சோதனையில ஒரு சொல் விளங்காட்டியும் திருப்பிச் செய்யவேணும். வேற ஆள் தேடும்."

அதே பின்னிஷில் இன்னொருவரை அனுப்பினால் அதே பதில்தான் வரும். வேறு எந்த மொழி என்று தெரியாமல் எந்த மொழிக்கு ஆள் தேடுவது? இரண்டு நாளாகத் தொலைபேசிதான். கடைசியில் பின்லாந்துக்காரரின் லூத்தரன் கோயில் ஒன்றில் வயதான போதகர் ஒருவர் அகப்பட்டார். நோயாளியின் பெயர் விபரம் ஒன்றும் சொல்லாமல், கிழக்குப் பேச்சு, இடையிடையே ரஷ்யச் சொல், ரஷ்ய மொழியைக் கேட்கப் பிடிக்காது, விபூரி என்று சொல்லுகிறார், ஆனால் விபூரியைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை, இப்படிப்பட்டவர் யாராக இருக்கும் என்று கேட்டேன்.  அவர், "இங்கிரியா" என்றார்.

அப்படி ஓர் இடத்தை நான் கேள்விப்பட்டதில்லை. வானிலை அறிக்கை வாசிப்பது போல அவர் சொன்னார். ரஷ்யாவின் பீற்றர்ஸ்பேர்க் நகரத்தைச் சுற்றியுள்ள நிலம்தான் இங்கிரியா. நகரம் பிந்தி வந்தது, சனம் முந்தி. முதலில் இஷோரா, வோத் என்ற இரண்டு சிறிய இனத்தவர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு வேறு மொழிகள், இப்போது பேசுவோர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. பிறகு சுவீடன் ராசாவின் ஆட்சியில் பின்லாந்துப் பக்கமிருந்து லூத்தரன் விவசாயிகள் வந்து குடியேறினார்கள். அவர்கள்தான் இங்கிரியா பின்னியர். பேச்சு பின்னிஷின் ஒரு கிளை. சோவியத் ஆட்சியில் முதலில் அவர்களுடைய கோயில்களைப் பூட்டினார்கள், பிறகு பள்ளிக்கூடங்களை, பிறகு ஆட்களைச் சைபீரியாவுக்கும் வேறு இடங்களுக்கும் ஏற்றினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஒரு பகுதியினர் பின்லாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் சுவீடனுக்கு ஓடி, அங்கிருந்து கனடாவுக்கு வந்தார்கள். "எங்கட கோயிலுக்கும் வந்தவை. கடைசி வாங்கு வரிசையில இருப்பினம். எவடம் எண்டு சொல்லமாட்டினம்" என்று முடித்தார்.

எங்கள் கணினியில் மொழிகள் இருந்த வரிசையில் இங்கிரியா இல்லை. எஸ்தோனியாவுக்கும் அந்த ஆட்கள் போனார்கள் என்று போதகர் சொன்னதால், எஸ்தோனிய மொழி பேசும் எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மூன்றாவது ஆள் லீனா. தாலினில் பிறந்தவர், ஐம்பது தாண்டியவர், எஸ்தோனியமும் ரஷ்யனும் எங்களுக்குச் செய்தவர். இங்கிரியாப் பேச்சு தெரிந்த யாரையாவது தெரியுமா என்று கேட்டேன்.

"என்ர அம்மா அதைத்தான் பேசினவ," என்றார். "நானும் அம்மாவோட அதுதான்."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார். பிறகு தன் பாட்டில் சொன்னார்: சோவியத் அடையாள அட்டையில் தான் பின்னியர், எஸ்தோனியாவில் ரஷ்யாக்காரி, பின்லாந்தில் வேலைக்குப் போனபோது அங்கேயும் ரஷ்யாக்காரி, ரொறன்ரோவில் எஸ்தோனியாக்காரி.  நாளைக்குப் பத்து மணிக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

புது மொழி ஒன்றில் முதல்முறை நடக்கும் சந்திப்பில் அலுவலகத்து ஆள் ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது விதி. டொறீன் என்னை அனுப்பினார். வாய் திறக்கக் கூடாது என்றார். கதவோரம் ஒரு கதிரையில் இருந்தேன். கட்டிலின் ஒரு பக்கம் வைத்தியர், இளையவர், அமைதியானவர். பிரியா கால்மாட்டில். எரிக் யன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லீனா விதிப்படி தோளுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, தன்னை அறிமுகம் செய்தார். தன் தாயின் பேச்சில்: "மியெ ஊன் லீனா."

சைமி அம்மா வைத்தியரைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தார். நோவோடு திரும்புகிறார் என்று தெரிந்தது. ஏதோ கேட்டார். லீனா கையை உயர்த்தினார்.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார். நான் யாருடைய மகள் என்று நோயாளி என்னைக் கேட்கிறார். இது என் சொந்த விடயம். பதில் சொல்ல அனுமதி வேண்டும்."

வைத்தியர் என்னைப் பார்த்தார். வாய் திறக்கக் கூடாது என்பதால் தலையை ஆட்டினேன். லீனா தாயின் பெயரைச் சொன்னார், பிறகு "கொல்ப்பானா" என்று ஓர் இடத்தின் பெயரைச் சொன்னார். அது அவர்களுடைய ஒரு கோயிற்பங்கு, ஒரே கோயிலைச் சேர்ந்த ஊர்களின் தொகுதி, என்று பிறகு அறிந்தேன். எந்த ஊர் என்பதை விட எந்தப் பங்கு என்றுதான் அவர்கள் கேட்பார்களாம். மன்னாரில் நாங்களும் அப்படித்தான். சைமி அம்மா நெடுநேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை, லீனா முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார்:

"நான் ஸ்குவொரித்சா. அடுத்த பங்கு. கொல்ப்பானாக்காரருக்குத் தலைக்கனம் கூட."

எரிக் கட்டியிருந்த கையை எடுத்தார். அம்மா விபூரி அல்லவா என்று கேட்டார். லீனா அதையும் மொழிபெயர்த்தார். மகன் வெளியே நிற்க வேண்டுமா என்று வைத்தியர் சைமி அம்மாவிடம் கேட்டார்.

"இருக்கட்டும். அவனுக்கும் வயது வந்திட்டுது."

எரிக்குக்கு அப்போது அறுபது கடந்திருந்தது.

அதன் பிறகு சைமி அம்மா சொன்னதையெல்லாம் லீனா "நான், நான்" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்ப வரவில்லை. யுத்தத்தில் அம்மா, தம்பி, சித்தி, நான் என்று கப்பலில் பின்லாந்துக்கு வந்தோம். ஒரு பண்ணையில் மாடு பார்த்தோம். சண்டை முடிந்ததும் பண்ணைக்குச் சோவியத் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் உத்தியோக உடுப்பில், நல்ல பண்பாகப் பேசினார். வீட்டுக்குப் போக விருப்பமா என்று அம்மாவைக் கேட்டார். விருப்பம் என்று அம்மா சொன்னா. யார்தான் இல்லை என்று சொல்வார்கள்? எனக்குச் செங்காய்ச்சல், ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சித்தியும் நானும் அடுத்த ரயிலில் வருவதென்று ஏற்பாடு. அம்மாவையும் தம்பியையும் ஏற்றிய ரயில் எங்கள் ஊர் நிலையத்தில் நிற்கவில்லை. பலகை இடுக்கால் ஊரைப் பார்த்துக்கொண்டே போனார்களாம். ரஷ்யாவுக்குள் தூரத்தில், தெரியாத இடத்தில் இறக்கினார்கள். இது ரயில்வேக்காரர் ஒருவர் வாயால் சித்தியின் காதுக்கு வந்தது. அவ என்னைக் கூட்டிக்கொண்டு சுவீடனுக்கு ஓடினா. அங்கேயும் பிடித்து அனுப்புவார்கள் என்ற பயம் விடவில்லை. கனடாவுக்குக் கப்பலேறும்போது, இனி நீ விபூரியில் பிறந்தவள், பின்லாந்துக்காரி என்றால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்றா. அம்மாவையும் தம்பியையும் பிறகு நான் காணவில்லை.

இந்த இடத்தில் சைமி அம்மா தண்ணீர் கேட்டார். லீனா அதை மொழிபெயர்த்தார். பிரியா எழும்பி வார்த்துக் கொடுத்தாள்.

"அந்த வாத்தியார் வந்து, வாத்தியார் பின்னிஷில, வீட்டுக்குப் போக விருப்பமோ எண்டு கேக்கிறார். பக்கத்தில ஒருவர் எழுதிக்கொண்டு நிக்கிறார். நான் இல்லை எண்டு சொன்னன். இன்னும் எத்தினை தரம் கேட்டாலும் இல்லை எண்டுதான் சொல்லுவன்."

நமக்கு ஊருக்குப் போவது வேறு, வீட்டுக்குப் போவது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரு சொல்லைப் போட்டுவிடுவார்கள். பின்னிஷிலும் அப்படித்தானாம். பெக்கா ஒரு சொல்லும் பிழையாகச் சொல்லவில்லை. சைமி அம்மாவும் பிழையாகப் பதில் சொல்லவில்லை.

என் அக்காவின் நினைவு வந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் நாங்கள் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்தோம். பிறகு ஒருநாள் அதிகாரிகள் மேசை போட்டு, ஊருக்குப் போக விருப்பமா என்று கேட்டார்கள். அக்கா விருப்பம் என்றா. கப்பல் மன்னாருக்குத்தான் போனது. ஆனால் அவவைக் கொண்டுபோய் வைத்தது இன்னொரு முகாமில், எங்கள் கோயில் மணி கேட்கிற தூரத்தில். மணி கேட்கும், போக விடமாட்டார்கள். நான் அப்போது கொழும்புக்குப் போகிற வழியைப் பார்த்து, அங்கிருந்து இங்கே வந்துவிட்டேன். அந்த அறையில் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பார்வையாளர் பேசக் கூடாது.

வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "வெக்ஸ்போர்ட்டில், நீங்கள் விழுந்த அந்த வீட்டுக்குப் போவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?"

"அது என்ர வீடு. இண்டைக்குப் பின்னேரமே போவன். அதை ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?"

திரும்பவும் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கழுத்தில் மாட்டும் பொத்தானை அழுத்துவேன், ஆள் வரும்வரை தரையில் கிடப்பேன், தரை எனக்குப் பழக்கம் என்றார். பின்லாந்துக்காரரின் இல்லத்துக்குப் போக விருப்பமா என்றும் கேட்டார். சைமி அம்மா மகனைப் பார்த்துச் சொன்னார்: "அங்க எல்லாரும் விபூரியில எந்தத் தெரு எண்டு கேப்பினம். எனக்கு ஒரு தெருவும் தெரியாது. எழுபது வருசமா அவையளுக்கு ஒளிச்சுத் திரிஞ்சனான். இனி அவையளோட ஒரே மேசையில கஞ்சி குடிக்கவோ?"

அவருக்குத் தெளிவு இருக்கிறது என்று வைத்தியர் எழுதினார்.

வெளியே வந்ததும் எரிக் லீனாவின் பின்னால் வந்தார்.  அப்படியென்றால் நான் யார் என்று கேட்டார். நோயாளியின் குடும்பத்தோடு நடைபாதையில் பேசக் கூடாது என்பது விதி. லீனா என்னைப் பார்த்தார். நேரத்தாளில் அவருடைய கையெழுத்தை வாங்கினேன். இப்போது நீங்கள் வேலையில் இல்லை, கீழே கன்ரீனில் இருக்க இடம் இருக்கும், கோப்பி நன்றாக இராது என்றேன். இருவரும் போனார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. லீனா தானாகவே பிறகு ஒன்றைச் சொன்னார்: "நானும் அதைத்தான் மூண்டு நாட்டில கேட்டுக்கொண்டு திரியிறன், உங்களுக்கு ஒரு நாட்டில கேட்டால் போதும் எண்டு சொன்னனான்."

டொறீன் என் அறிக்கையை வாசித்து மூன்று சொற்களை வெட்டினார்.

"நீர் தலையாட்டினதோ?"

"ஓம்."

"எந்தப் பக்கம்?"

"மேலும் கீழும்."

"அப்ப சரி," என்றார். பிறகு, லீனாவின் தாய் இருக்கிறாவா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையைக் குனிந்து அடுத்த தாளை எடுத்தார். அந்த மாதத்திலேயே கணினியில் இங்கிரியா பின்னிஷ் ஏறியது. அதன் பிறகு நான் ஓய்வுபெறும்வரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

சைமி அம்மா வீட்டுக்குப் போனார். காலையும் மாலையும் பராமரிப்பாளர் ஒருவர் வந்துபோனார். எரிக் கிழமைக்கு இரண்டு தரம் பிறம்ரனிலிருந்து காரோடி வந்தார். லீனா சில ஞாயிறுகளில் போனார், சம்பளம் இல்லாமல், தண்ணீர் வார்த்துக் கொடுக்கிற ஆளாக. இரண்டு குளிர்காலம் போனபின் சைமி அம்மா அந்த வீட்டிலேயே இறந்தார். எரிக் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பிறந்த இடம் என்று கல்லில் ஸ்குவொரித்சாவை வெட்டுவிக்க வேண்டும், எழுத்துக்கூட்டல் சரிதானா என்று யாரைக் கேட்பது என்றார். லீனாவின் இலக்கம் அவரிடமே இருந்தது. அவர் பேச வேறொன்று வைத்திருந்தார் போலும். வைத்தியசாலையிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

காரில் ஏறியதும் அம்மா முன் ஆசனத்தில் நிமிர்ந்து இருந்தாராம். திரும்பி வந்திருந்த கொஞ்ச ஆங்கிலத்தில் ஒவ்வொரு சந்திப் பெயரையும் சத்தமாக வாசித்தாராம். மார்க்கம் றோட், மக்கோவன், பிறிம்லி, மிட்லண்ட், கெனடி. பச்சை விளக்கில் கார் நிற்காமல் போன சந்திகளில் அவருடைய கை கதவுப் பிடியில் இருந்தது. பேர்ச்மவுண்ட், வோடன். தன் தெருவுக்குத் திரும்பியபோது வாசிப்பதை நிறுத்திவிட்டார். வீட்டு வாசலில் கார் நின்றது. எரிக் மற்றப் பக்கம் வந்து கதவைத் திறந்து, நடக்கும் சட்டகத்தை விரித்துப் பிடித்தார். அம்மா இறங்கவில்லை. எஞ்சினை நிப்பாட்டு என்றார். எரிக் சுற்றிப் போய் நிறுத்திவிட்டு வந்தார். அப்போதும் இறங்கவில்லை. கையை நீட்டி, கார்த் திறப்பைத் தா என்றார். எரிக் சாவியைக் கொடுத்தார். அதைத் தன் குளிர்ச்சட்டைப் பைக்குள் போட்டு, பையின் மூடியையும் அழுத்திவிட்டு, பிறகுதான் ஒரு காலை வெளியே வைத்தார்.